நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி: சோழர் கப்பலில் தொங்கியதா?

கோயில் நிர்வாகக் குழு, பள்ளி முன்னாள் மாணவர் குழு, குடும்பக் குழு என்று எந்தப் புலனக் குழுவில் இருந்தாலும் இந்தச் செய்தி ஒரு முறையாவது வந்து சேர்ந்திருக்கும். பழைய வெண்கல மணி ஒன்றின் படம். அதன் கீழே, நியூசிலாந்தைக் கண்டுபிடித்தது தமிழனே என்று ஒரு வரி. சில பதிவுகளில் அது ராஜேந்திர சோழனின் கடற்படை மணி. வேறு சிலவற்றில் குமரிக்கண்டத்து மணி. வயது 1,000 ஆண்டில் தொடங்கி 3,000 வரை ஏறும். எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற கட்டளையோடு முடியும்.

படம் பொய்யில்லை. அப்படி ஒரு மணி உண்டு. நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் உள்ள 'தே பாப்பா' தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் அது பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பது தமிழ் எழுத்துதான். அதிலும் ஐயமில்லை. ஆனால் அந்த மணியைச் சுற்றிக் கட்டப்பட்ட கதையை, மணியில் பொறித்திருக்கும் எழுத்தே மறுக்கிறது. பகிரப்படும் பதிவுகள் பலவற்றில் அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பது மட்டும் இருப்பதில்லை. அது விடுபட்டுப் போவது தற்செயலா என்று கேட்கத் தோன்றுகிறது.

உருளைக்கிழங்கு வெந்த பாத்திரம்

வில்லியம் கொலென்சோ 1811இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். அச்சுத் தொழில் தெரிந்தவர். 1834 இறுதியில் கிறிஸ்தவ மிஷன் அச்சகத்தை நடத்த நியூசிலாந்து போனார். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டவர் அவர்தான்.

1836 வாக்கில், வட தீவின் வடக்குப் பகுதியில் வங்காரெய் அருகே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கொலென்சோ பார்த்தார். உற்றுப் பார்த்தபோது அது கவிழ்த்து வைத்த ஒரு மணி, அதுவும் உடைந்த மணி, என்று தெரிந்தது. சுற்றிலும் ஏதோ எழுத்து. அவருக்குப் புரியவில்லை. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார் என்பார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்ததற்கு, புயலில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்தபோது அடியில் இருந்தது, பல தலைமுறையாக எங்களிடம் இருக்கிறது என்ற பதில் வந்தது. 1899இல் கொலென்சோ காலமான பின் மணி அரும்பொருளகத்துக்குப் போனது.

இதில் போலி வேலை எதுவும் நடந்திருக்குமா என்று கேட்பது நியாயம்தான். பழம்பொருள் என்றாலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. கொலென்சோவுக்குத் தமிழ் தெரியாது. தென்பட்ட எழுத்து எந்த மொழி என்றே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. இதை வைத்து அவர் பணமும் பார்க்கவில்லை. ஆக, மணி உண்மையானது என்பதை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் அது எப்படிக் கிடைத்தது, எத்தனை காலமாக அங்கே இருந்தது என்பதற்கு நம் கையில் உள்ள சான்று ஒன்றே ஒன்றுதான்: ஒரு மனிதர் கேட்டு வந்து சொன்ன செய்தி. அகழாய்வில் மண் அடுக்கோடு சேர்த்து எடுத்த பொருள் அல்ல. சமையலறையிலிருந்து எடுத்த பொருள்.

ஆறே சொற்கள்

மணியைச் சுற்றி ஓடும் எழுத்தை இன்றைய வடிவத்தில் இப்படிப் படிக்கிறார்கள்: 'முகையதீன் வகுசு உடைய கப்பல் உடைய மணி'.

ஆறே சொற்கள். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குக்கூடக் கடைசி நான்கு சொற்கள் புரியும். முதல் இரண்டும் ஒரு பெயர். 'முகையதீன்' என்பது நம் ஊர்களில் முகைதீன், மொகைதீன், மைதீன் என்றெல்லாம் வழங்கும் பெயர். 'வகுசு' என்பது பக்ஷ் என்ற பாரசீகச் சொல். கொடை என்று பொருள். தமிழில் 'ப' ஒலியும் 'க்ஷ்' ஒலியும் வெட்டத் தெரிந்த விதத்தில் கொல்லர் வெட்டியிருக்கிறார். முகைதீன் பக்ஷின் கப்பல் மணி. அவ்வளவுதான் செய்தி. அது கப்பல் உரிமையாளரின் பெயரா, கப்பலுக்கே இட்ட பெயரா என்பதில் இரு விதமாகப் படிக்க இடமுண்டு. இரண்டில் எதுவானாலும் அது இஸ்லாமியப் பெயர் என்பது மாறாது.

முகைதீன் என்ற பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே இவ்வளவு பரவியதற்குக் காரணம் பாக்தாதில் வாழ்ந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானி. முகியித்தீன் ஆண்டவர் என்று மக்கள் போற்றும் அவர் பிறந்தது 1077இல். மறைந்தது 1166இல். ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்கு வந்தது 1025இல். அதாவது, அந்தப் பெயருக்குரிய ஞானி பிறப்பதற்கு 52 ஆண்டுகளுக்கு முன்பே கடாரப் படையெடுப்பு முடிந்துவிட்டது. ஞானி மறைந்து, புகழ் கடல் கடந்து பரவி, சோழ மண்டலக் கரையில் அவர் பெயரைப் பிள்ளைக்கும் கப்பலுக்கும் இடும் வழக்கம் வேரூன்ற இன்னும் காலம் வேண்டும்.

சோழர் மணி என்ற கதை இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. 3,000 ஆண்டு என்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எழுத்து பழையதாக இருக்கிறதே?

இந்த இடத்தில் பலர் சொல்லும் பதில், எழுத்தின் வடிவம் பழையது என்பது. உண்மைதான், இன்று வழக்கில் இல்லாத சில வடிவங்கள் அதில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் 500 ஆண்டுப் பழமை என்ற கணிப்பும் வந்தது. 17 அல்லது 18ஆம் நூற்றாண்டே பொருந்தும் என்று கருதுவோரும் உண்டு.

பழைய எழுத்து என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் பள்ளிப் பாடநூலை நினைத்துப் பார்த்தால் போதும். 'லை', 'னை', 'ணை' ஆகியவற்றுக்கு அப்போது யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு மேலே ஏறும். 'ணா', 'றா', 'னா' வேறு மாதிரி இருக்கும். தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அவை மெல்ல மறைந்தன. இன்று ஓர் இளைஞர் தாத்தாவின் கடிதத்தில் அந்தத் தும்பிக்கை 'லை'யைப் பார்த்துவிட்டுப் பண்டைய எழுத்து என்றால் வீட்டில் சிரிப்பார்கள். மணியில் உள்ள சில எழுத்துகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஓலைச்சுவடி காலம் முடியும்வரை, 19ஆம் நூற்றாண்டிலும்கூட, புள்ளி வைக்காத மெய்யும் பழைய சுழிகளும் கையெழுத்தில் வழங்கின. அச்சு பரவிய பிறகே எழுத்து ஒரு நிலைக்கு வந்தது.

மணி உண்மையிலேயே சோழர் காலத்ததாக இருந்தால் என்ன ஆகும்? தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுக்கு முன் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் தமிழ்தான். ஆனால் பயிற்சி இல்லாமல் ஒரு வரியை முழுதாகப் படிக்க முடியாது. இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் தமிழி எழுத்து, கோடும் வட்டமுமாக, முற்றிலும் வேறு தோற்றத்தில் இருக்கும். மணியின் எழுத்தோ கொஞ்சம் முயன்றால் நம்மால் எழுத்துக்கூட்ட முடிகிற அளவுக்கு அருகில் இருக்கிறது.

கரியமிலச் சோதனை செய்துவிட்டால் வயது தெரிந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். அந்தச் சோதனை மரம், எலும்பு, கரி போன்ற, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பயன்படும். வெண்கலத்துக்குப் பயன்படாது. உலோகக் கலவையை ஆராய்ந்தால் செம்பும் ஈயமும் எங்கிருந்து வந்தன என்று ஓரளவு ஊகிக்கலாம். எந்த ஆண்டில் வார்த்தார்கள் என்று அது சொல்லாது. எனவே எழுத்தும் பெயரும்தான் நமக்குக் கிடைத்த சாட்சி.

தாம்சன் சாலைக்காரர்

பண்டைத் தமிழரையும் நியூசிலாந்தையும் இணைத்துப் பேசும் கதையைப் புலனக் குழுக்கள் தொடங்கவில்லை. அது 150 ஆண்டுப் பழையது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம் ஊரோடு நெருங்கிய தொடர்புள்ளவர்.

சிங்கப்பூர் தாம்சன் சாலையில் போகாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குரியவர் ஜான் டர்ன்புல் தாம்சன். 1838இல் பினாங்குக்கு நில அளவை வேலைக்கு வந்தார். 1841இல் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளர் ஆனார். மலேசியாவும் சிங்கப்பூரும் அனைத்துலக நீதிமன்றம் வரை போய் வழக்காடிய பத்து பூத்தே தீவில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர் அவரே. மலாய் கற்றவர். நாகூரில் வேர் கொண்ட மலாக்கா எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாற்றுப் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1856இல் நியூசிலாந்துக்குக் குடியேறி, பிறகு அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்தார்.

மாவோரியர் எங்கிருந்து வந்தனர் என்ற கேள்வி அவரை விடவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கிழக்கே பரவிய ஒரு பழைய இனத்தின் வழி வந்தவர்களே அவர்கள் என்று 1870களில் கட்டுரைகள் எழுதினார். தீவுக்கூட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அறிஞர் சொன்னதால் எடை கூடியது. அப்படி நம்பியவர்களுக்குத் தமிழ் எழுத்துள்ள ஒரு மணி கையில் கிடைத்த வரமாகத் தெரிந்தது. பின்னாளில் சென்னையில் ராமச்சந்திர தீட்சிதர் போன்ற வரலாற்றாசிரியர்களும் பண்டைத் தமிழ் மாலுமிகள் ஆஸ்திரேலியாவையும் பசிபிக் தீவுகளையும் அறிந்திருக்கலாம் என்று எழுதினார்கள். 'இருக்கலாம்' என்று அவர்கள் எழுதியது கை மாறி வரும்போது 'இருந்தார்கள்' என்று ஆகிவிட்டது.

தாம்சனின் கருத்து நிலைக்கவில்லை. ஏன் என்பதை மலேசியர்களுக்கு விளக்குவது எளிது. மலாயில் கண் 'மாத்தா', மாவோரியிலும் 'மாத்தா'. மீன் இங்கே 'ஈக்கான்', அங்கே 'இக்கா'. நெருப்பு 'ஆப்பி', அங்கே 'அஹி'. வானம் 'லங்கிட்', அங்கே 'ரங்கி'. காது 'தெலிங்கா', அங்கே 'தரிங்கா'. இரண்டும் ஐந்தும் நமக்கு 'டுவா', 'லிமா'. அவர்களுக்கு 'ருவா', 'ரிமா'. இரண்டும் ஒரே மொழிக்குடும்பம். அதன் வேர் தைவான் பக்கம் போகிறது என்பது மொழியியலாளர்கள் இன்று பரவலாக ஏற்கும் முடிவு. அங்கிருந்து தீவு தீவாகக் கடந்து பசிபிக்கின் நடுவே பரவியவர்கள், சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்தில் கால் வைத்தார்கள். அந்த நாட்டைக் கண்டுபிடித்தவர்கள் மாவோரியரின் முன்னோர்களே. டச்சுக்காரர் ஏபல் டாஸ்மன் 1642இல்தான் அதைப் பார்த்தார். முதலில் போனவன் நாம் என்று எழுதும்போது, வெறும் படகில் மாக்கடலைத் தாண்டிய இன்னொரு மக்களின் சாதனையைத்தான் அழிக்கிறோம். கடல் கடந்து வந்தும் சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைக்காத சமூகம் இதைச் செய்யலாமா?

அப்படியானால் மணி எப்படிப் போனது?

பிரெஞ்சு மாலுமி ஜான் டி சுர்வில் 'செயின்ட் ஜான் பாப்டிஸ்ட்' என்ற கப்பலில் 1769 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டார். கப்பல் மலாக்காவிலும் திரெங்கானுவிலும் நின்றது. பிறகு பசிபிக்கில் இறங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வட முனையில் 'டவுட்லெஸ்' விரிகுடாவை அடைந்தது. கப்பலில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். லஸ்கர் என்று வெள்ளையர் அழைத்த கூலி மாலுமிகள். நியூசிலாந்துக்குப் போனதாக எழுத்துச் சான்று உள்ள முதல் இந்தியர்கள் இவர்களே. பெயர் பதியப்படாத பலர் வழியிலேயே விட்டமின் இல்லாத உணவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பலியானார்கள். அங்கே வீசிய புயலில் கப்பல் நங்கூரங்களை இழந்தது. 1974இல் அவற்றைக் கடலடியிலிருந்து கண்டெடுத்தார்கள்.

இந்த மணி அந்தக் கப்பலில்தான் போனது என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் மணி கிடைத்த அதே வட பகுதிக்கு, தமிழ்க் கரையிலிருந்தே நேராக ஒரு கப்பல் போயிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் பிறகு வழிகள் பெருகின. 1790களிலிருந்து திமிங்கிலம் பிடிப்பவர்களும் சீல் வேட்டைக்காரர்களும் வணிகர்களும் அந்தக் கரையில் வந்து போனார்கள். வங்காளத்தைச் சேர்ந்த லஸ்கர் ஒருவர் 1810 வாக்கில் கப்பலிலிருந்து தப்பி இறங்கி, மாவோரிப் பெண்ணை மணந்து 'பே ஆஃப் ஐலண்ட்ஸ்' பகுதியிலேயே தங்கிவிட்ட செய்தியும் பதிவாகியிருக்கிறது. உலோகம் அறியாத அந்த மண்ணில் ஓர் ஆணிக்குக்கூடப் பெரிய மதிப்பு இருந்தது. உடைந்த மணிக்குக் கேட்க வேண்டுமா?

ஐரோப்பியர்கள் இந்தியக் கப்பல்களைப் பிடித்துப் பொருள்களை எடுத்துக்கொண்ட காலம் அது. பழைய மணி இன்னொரு கப்பலில் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆளில்லாமல் கைவிடப்பட்ட கப்பல் ஒன்று நீரோட்டத்தில் மிதந்து போய்க் கரை ஒதுங்கியிருக்கலாம் என்ற ஊகமும் உண்டு. கடலோடியான பிரெட் ஹில்டர் 1975இல் பாலினேசிய ஆய்விதழில் இந்த மணியைப் பற்றி விரிவாகவே எழுதினார்.

பல தலைமுறையாக எங்களிடம் இருக்கிறது என்று மாவோரியர் சொன்னார்களே என்றால், 1769க்கும் 1836க்கும் இடையே 67 ஆண்டுகள். பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறைக்கு அது போதும்.

ஸ்படிக மண்டையோடு கற்றுத்தந்த பாடம்

பழம்பொருளுக்குப் பிறப்புக் கதை கட்டுவது தமிழர்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. லண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் பளபளக்கும் ஸ்படிக மண்டையோடு ஒன்று உண்டு. மெக்சிகோவின் பண்டைய ஆஸ்டெக் மக்கள் செய்தது என்று சொல்லி, 1897இல் நியூயார்க் நகைக்கடையான டிஃபனியிடமிருந்து வாங்கினார்கள். பிற்காலத்தில் அதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சுழலும் சக்கரத்தால் கடைந்த கோடுகள் தெரிந்தன. ஆஸ்டெக் மக்களிடம் அப்படிப்பட்ட சக்கரக் கருவி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடைந்திருக்கலாம் என்பதே முடிவு. அரும்பொருளகம் இன்று அதைத் தன் பெயர்ப்பலகையிலேயே சொல்கிறது.

மிட்செல் ஹெட்ஜஸ் என்ற சாகசக்காரரின் மண்டையோட்டுக் கதை இன்னும் சுவையானது. மத்திய அமெரிக்காவில் மாயா மக்களின் பாழடைந்த நகரத்தில், வளர்ப்பு மகள் 1924இல் கண்டெடுத்தாள் என்று குடும்பம் சொல்லி வந்தது. ஆனால் அவர் அதை 1943இல் லண்டன் ஏலக்கடை ஒன்றின் வழியாக 400 பவுண்டுக்கு வாங்கினார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்படிக மண்டையோட்டை வைத்து 2008இல் இண்டியானா ஜோன்ஸ் படமே வந்தது. கதைக்கு இருக்கும் கால்கள் ஆவணத்துக்கு இல்லை.

மண்டையோடுகளில் பொருளும் போலி, கதையும் போலி. தமிழ் மணியின் நிலை வேறு. பொருள் அசல். கதை மட்டும் போலி. இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அட, தமிழ்தான் என்று தெரிந்துகொண்டவர் கூட வரும் கதையையும் நம்பிவிடுகிறார்.

விடுபட்ட பெயர்

கதையில் நம்மவர்களுக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். பெருமைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்பவர்களும் இருக்கிறார்கள்.

இழப்பு முகைதீன் பக்ஷுக்கு. மணியில் பெயர் வெட்டி வைத்த மனிதரையே கதையிலிருந்து இறக்கிவிட்டு, அவர் கப்பலில் சோழனை ஏற்றுகிறோம். சோழன் ஏற வேண்டுமானால் முஸ்லிம் பெயர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆறு சொற்களில் முதல் இரண்டு பதிவுகளில் காணாமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் தெரியவில்லை.

ஆனால் அந்த மனிதரின் வரலாறுதான் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மிக நெருக்கமானது. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணி மூட்டைகளோடு கெடாவுக்கும் அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் ஆண்டுதோறும் வந்து போனார்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கடலை மறித்த காலத்திலும் அவர்கள் விடவில்லை. சொந்தக் கப்பல் வைத்திருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் இந்தக் கடற்கரை வணிகத்தைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார். மரைக்காயர் என்ற பட்டம் பினாங்கிலும் கெடாவிலும் 'மெரிக்கான்' என்ற குடும்பப் பெயராக இன்றும் இருக்கிறது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் மைதீன் பரங்கிப்பேட்டைக்காரர். அவர் பெயரிலும் ஒரு 'மைதீன்' இருப்பதைக் கவனிக்கலாம். மலாய்க்காரர்கள் கப்பலைக் 'கப்பால்' என்பதும் இந்தப் போக்குவரவில் நம்மிடமிருந்து பெற்றதுதான். மணியில் நான்காவது சொல் அது.

இன்னொரு இழப்பும் உண்டு. தமிழர் வரலாறு என்று வாய் திறந்தாலே மிகைப்படுத்துவார்கள் என்ற பெயர் நமக்கு வந்துவிட்டால், உண்மையைச் சொல்லும்போதும் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013இல் இடித்துத் தள்ளப்பட்டபோது, நாடு முழுவதும் எழுந்த குரலுக்குப் பின்னால் ஆய்வாளர்கள் அளந்து எழுதிவைத்த பதிவுகள் இருந்தன. புலனப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாதத்தை யாரிடமும் வைத்திருக்க முடியாது.

பெரும்பதன் கல்

உண்மையிலேயே பழைய, இந்தப் பக்கத்துக் கடலைக் கடந்து வந்த தமிழ் எழுத்து வேண்டுமென்றால் வெலிங்டன் வரை போக வேண்டாம். சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. தென் தாய்லாந்தின் தக்குவாப்பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று மணிக்கிராமத்தார் என்ற வணிகர்களைக் குறிப்பிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒரு சிறு கல். தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் கிடைத்தது. பொற்கொல்லர் தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிடப்படும் அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பெரும் பத்தன் என்ற பொற்கொல்லரின் கல் என்று பொருள். மணியைப் போலவே இங்கும் ஒரு தொழில்காரர் தன் பொருளில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அரசனும் இல்லை, படையும் இல்லை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தட்டும் தராசும் எடுத்துக்கொண்டு கடல் கடந்து வேலைக்கு வந்த ஒருவர்.

இந்தக் கல்லின் படம் எந்தக் குழுவிலும் அதிகம் சுற்றி வருவதில்லை. அது கிளோங் தோம் ஊரில் உள்ள புத்த விகாரையின் அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் காலையில் தாண்டினால், காரில் அன்றைய தினமே போய்ச் சேரலாம்.